வலியைச் சரியாகச் சொல்வது எப்படி? நரம்பின் பாதையை அறிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிகள் வரிசையில் நிற்பவர்களில் பலர் வலிக்காகவே வந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் மருத்துவர் ஒதுக்க முடிவது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களில் ‘இடுப்பு வலிக்குது, ஊசி போடுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது ஒரு வகை. ‘வலி இடுப்பில் தொடங்கிப் பின்தொடை வழியாகக் கெண்டைக்காலைத் தாண்டிப் பாதம்வரை ஷாக் அடிப்பதுபோல இறங்குகிறது, இருமினாலும் தும்மினாலும் கூடுகிறது’ என்று சொல்வது இன்னொரு வகை. முதலாவதைக் கேட்டு மருத்துவர் எந்த முடிவுக்கும் வர முடியாது; இரண்டாவதோ, முதுகுத்தண்டிலிருந்து வெளிவரும் நரம்பின் வேர் ஒன்று அழுந்தியிருக்கக்கூடும் என்பதை ஏறக்குறைய எடுத்துச் சொல்லிவிடுகிறது. வலி உடம்பில் எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இரண்டாவது வகையில் பேசுவது எவருக்கும் கைவரும். அதற்காக எழுதப்பட்டதே இந்த வழிகாட்டி.

முதலில் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

தோல், தசை, மூட்டைச் சுற்றியுள்ள உறை, எலும்பின் மேலுறை, குடலின் சுவர் என்று உடம்பின் பெரும்பாலான இடங்களில் மிக மெல்லிய நரம்பு நுனிகள் பரவிக் கிடக்கின்றன. சாதாரணத் தொடுதலை அவை பொருட்படுத்துவதில்லை. திசுவுக்குக் கேடு விளைவிக்கக்கூடிய அழுத்தம், சூடு, குளிர், வேதிப்பொருள் ஆகியவை வரும்போதுதான் அவை விழித்துக்கொள்கின்றன. எல்லா உணர்ச்சிகளையும் கடைசியில் வந்து சேர்த்துக்கொள்ளும் மூளையின் திசுவுக்குள் இந்த நுனிகள் கிடையாது என்பது வியப்பான செய்தி. நோயாளி விழித்திருக்கும்போதே சில மூளை அறுவைச் சிகிச்சைகளைச் செய்ய முடிவது அதனால்தான்.

கதிர் அறுக்கும்போது கருக்கரிவாள் சற்றே தவறி, தாளைப் பிடித்திருக்கும் இடது கையின் சுண்டுவிரலைச் சீவிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ‘சுரீர்’ என்று ஒரு கூர்மையான வலி; எங்கே பட்டது என்பது அந்தக் கணத்திலேயே துல்லியமாகத் தெரிகிறது. அடுத்து எரிச்சலும் கடுப்புமாக, இடம் சற்றுப் பரவலாக, இரண்டாவது வலி ஒன்று ஏறி வருகிறது. ஒரே காயத்திலிருந்து இரண்டு வலிகள் வரக் காரணம், செய்தியைக் கொண்டுசெல்லும் இழைகள் இரண்டு வகை என்பதே. மெல்லிய கொழுப்புறை போர்த்திய ஏ-டெல்டா இழைகளில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உறையில்லாத சி வகை இழைகளில் நொடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரைதான். வரப்பில் நடக்கும்போது உள்ளங்காலில் கருவேல முள் ஏறினால் இந்த இடைவெளி இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் பாதத்திலிருந்து முதுகுத்தண்டுக்குத் தொலைவு அதிகம். முள் தைத்த கணத்தில் கால் தானாகவே மேலெழுந்துவிடும். அந்த உத்தரவைத் தந்தது, முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடம். மூளைக்குச் செய்தி போய்ச் சேர்வது அதற்குப் பிறகுதான்.

காயம்பட்ட இடத்தில் சிதைந்த செல்கள் புராஸ்டகிளான்டின் முதலிய வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவை நரம்பு நுனிகளின் உணர்திறனைக் கூட்டிவிடுகின்றன. சூட்டை உணரும் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர், மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைக் கொண்டு இதைக் கண்டுபிடித்தனர். அழுத்தத்தை உணரும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டம் படாபூட்டியனுடன் சேர்ந்து ஜூலியஸ் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார். இந்தப் புரதம் வழக்கமாக 43 டிகிரி செல்சியஸ் அளவில் விழித்துக்கொள்ளும். அழற்சி ஏற்பட்ட இடத்தில் அந்த வரம்பு மிகவும் இறங்கிவிடுவதால், வெதுவெதுப்பான நீர் பட்டால்கூடப் புண் எரிகிறது. மிளகாய் அரைத்த கையை வெந்நீரில் கழுவினால் எரிச்சல் கூடுவதற்கும் காரணம் இதே புரதம்தான்: காரமும் சூடும் ஒரே இடத்தைத் தட்டுகின்றன. முதலில் எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுவதே சரி.

தோலிலிருந்து வரும் இழை தண்டுவடத்தின் பின்பகுதியில் அடுத்த நரம்பு செல்லிடம் செய்தியைக் கைமாற்றுகிறது. இந்த இடத்தை டெல்டாக்காரர்களுக்கு விளக்குவது எளிது: ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும், வாய்க்காலுக்கு எவ்வளவு போகும் என்பதை மதகுப் பலகையே முடிவு செய்கிறது அல்லவா? ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் வெளியிட்ட கொள்கை ஏறத்தாழ இதைத்தான் சொன்னது. தொடுதலை உணரும் தடித்த இழைகள் வேலைசெய்யும்போது மதகு ஓரளவு இறங்கி, வலிச் செய்தி மேலே போவது குறைகிறது. முட்டி இடித்துக்கொண்டவுடன் கை தானாகப் போய் அந்த இடத்தைத் தேய்ப்பதும், தைலம் தேய்த்து நீவிவிட்டால் சற்றுச் சுகமாக இருப்பதும் இதனால்தான். அந்தக் கொள்கையின் நுணுக்கங்கள் சில பின்னர் திருத்தப்பட்டிருந்தாலும் அடிப்படை நிலைத்து நிற்கிறது.

அந்த மதகை மேலிருந்தும் இறக்கலாம். நடுமூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வரும் நரம்புகள், உடம்பே தயாரிக்கும் அபின் போன்ற பொருள்களின் துணையோடு வலிச் செய்தியை அடக்குகின்றன. அத்தகைய பொருள்களில் முதலாவதான என்கெஃபலினை ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் 1975-இல் அடையாளம் கண்டனர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் களத்தில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர், கடுமையாகக் காயம்பட்ட வீரர்களில் பெரும்பாலோர் வலிமருந்து வேண்டாம் என்று சொன்னதை 1946-இல் பதிவு செய்தார். இதற்கு நேர்மாறாக, அச்சமும் தூக்கமின்மையும் கவலையும் மதகை ஏற்றிவிடுகின்றன. எனவே ‘கவலைப்பட்டால் வலி கூடுகிறது’ என்று ஒருவர் சொன்னால் அவர் நடிக்கிறார் என்று எண்ணக் கூடாது. அவருடைய தண்டுவடத்தில் உண்மையாகவே கூடுதல் செய்தி மேலே போகிறது. வீட்டில் பெரியவர்களின் வலியை ‘எல்லாம் மனசுதான்’ என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருப்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூளைக்குள் வலிக்கென்று தனி அறை ஒன்று கிடையாது. இடத்தையும் அளவையும் அறியும் பகுதி வேறு, அதன் துன்பத்தை உணரும் பகுதி வேறு, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பகுதி வேறு. இவை சேர்ந்து தருவதே வலி. ஆகவே வலி என்பது காயத்தை அளந்து சொல்லும் அளவுகோல் ஆகாது. கிடைத்த செய்திகளையெல்லாம் வைத்து நரம்பு மண்டலம் எழுதும் தீர்ப்பு என்றே அதைக் கொள்ள வேண்டும்.

வகையைக் கவனியுங்கள், பிறகு வழியை

‘பத்துக்கு எத்தனை வலி?’ என்று கேட்கும் முறை, நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிடப் பயன்படுமே தவிர, நோய் எதுவென்று கண்டறிய அவ்வளவாக உதவாது என்பது என் கருத்து. எண்ணைவிட வலியின் தன்மையே அதிகம் பேசும். நாள் முழுதும் குனிந்து நாற்று நட்டவர்களின் இடுப்பில் வருவது பெரும்பாலும் தசைவலி. அது பரவலாகக் கடுக்கும், அழுத்தினால் நோகும், படுத்தால் குறையும், தொடைக்குக் கீழே அதிகம் இறங்காது. விண் விண்ணென்று தெறிப்பது, சூடாக வீங்கியிருப்பது அழற்சியைக் காட்டுகிறது. சீழ் கட்டும்போதும் அப்படித்தான் தெறிக்கும். எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, எறும்பு ஊர்வது, ஷாக் அடிப்பது, மதமதப்பு, துணி பட்டால்கூடத் தாங்க முடியாத கூச்சம் ஆகியவை நரம்பே பழுதாகியிருப்பதன் அடையாளங்கள். வயிற்றைப் பிசைந்து பிசைந்து விட்டுவிட்டு வருவது, குடல், பித்தப்பை, சிறுநீர்க்குழாய் போன்ற உள்ளுறுப்புகளின் வேலை.

இத்தனையும் ஒருவருக்குள் கலந்தும் வரலாம். அப்போது ‘இடுப்பில் கடுப்பு, காலில் எரிச்சல்’ என்று பிரித்தே சொல்லுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

வழியைக் காட்டுவதற்கு ஒரு விரலே போதும். வலி தொடங்கும் இடத்தில் விரலை வைத்து, அது போகும் பாதையில் இழுத்து, முடியும் இடத்தில் நிறுத்துங்கள். தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு நரம்பு வேருக்கும் தோலில் தனக்கென்று ஒரு பட்டை உண்டு. விரல் போன கோட்டைப் பார்த்தே எந்த வேர் என்று மருத்துவர் ஊகித்துவிடுவார். விரலால் காட்ட முடியாமல் உள்ளங்கையை விரித்துத்தான் காட்ட முடிகிறது என்றால் அதுவும் ஒரு செய்தியே.

இந்தப் பட்டையைக் கண்ணால் பார்க்கக்கூடிய நோய் அக்கி. சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ், அம்மை இறங்கிய பிறகும் தண்டுவடத்தை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. வயது ஏறி உடம்பின் எதிர்ப்பாற்றல் தளரும்போது ஒரு முடிச்சிலிருந்து விழித்து, அந்த ஒரே நரம்பின் வழியாகத் தோலுக்கு இறங்குகிறது. அதனால்தான் கொப்புளங்கள் முதுகிலிருந்து மார்புவரை ஒரு பக்கமாக மட்டும் வரிசைகட்டி நின்று, நடுக்கோட்டைத் தாண்டாமல் நின்றுவிடுகின்றன. கொப்புளம் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்பே அந்தப் பட்டையில் எரிச்சல் தொடங்கிவிடும். அந்த நாட்களில் அதைப் பிடிப்பு என்றோ வாயு என்றோ நினைத்துத் தைலம் தேய்ப்பவர்கள் உண்டு. மண்பாண்டம் செய்வோரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. எழுதிக்கொள்ள விரும்புகிறவர்களைத் தடுக்க வேண்டியதில்லை, ஆனால் அதற்காக ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும். கொப்புளம் ஆறிய பின்னும் மூன்று மாதங்களுக்கு மேல் அந்தப் பட்டையில் எரிச்சல் நீடித்தால், வைரஸ் நரம்பைச் சிதைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று பொருள். வயதானவர்களுக்கு இது அதிகம் வருகிறது. நெற்றியிலோ மூக்கின் நுனியிலோ கொப்புளம் கண்டால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வலிக்கும் இடமே நோயின் இடம் என்று முடிவு கட்டாதீர்கள்

உள்ளுறுப்புகளிலிருந்து வரும் நரம்பிழைகள் குறைவு. அவை தண்டுவடத்தில், தோலிலிருந்தும் தசையிலிருந்தும் இழைகள் வந்து சேரும் அதே செல்களில் போய்ச் சேர்கின்றன. மேலே போகும் செய்தி எங்கிருந்து புறப்பட்டது என்று மூளையால் பிரித்தறிய முடியாமல், தனக்குப் பழக்கமான தோலின் கணக்கிலேயே எழுதிவிடுகிறது. இதயத்துக்கு ரத்தம் குறையும்போது நெஞ்சு இறுக்கத்தோடு இடது கை, தோள், தாடை, மேல்வயிறு ஆகியவை வலிப்பது இப்படித்தான். வயல் வேலையின் நடுவே வரும் இத்தகைய வலியை வாயுத்தொல்லை என்று எண்ணிச் சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டு காத்திருப்பதுதான் இங்கே ஆபத்தான தாமதம். வியர்வையோடு, மூச்சுத்திணறலோடு, நெஞ்சில் கல்லை வைத்தது போன்ற பாரம் இருந்தால் 108-ஐ அழையுங்கள், இ.சி.ஜி. எடுத்த பிறகு அது வாயுதான் என்று தெரிந்தாலும் நட்டமில்லை.

குடல்வால் அழற்சியில் வலி இடம் மாறுவது இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. தொடக்கத்தில் அது தொப்புளைச் சுற்றி மந்தமாக இருக்கும். அப்போது பேசுவது குடலின் நரம்பு. அழற்சி வயிற்றின் உட்சுவர் உறையைத் தொட்டதும், துல்லியமாக இடம் சொல்லக்கூடிய வேறு நரம்புகள் பேசத் தொடங்கி, வலி வலது அடிவயிற்றில் வந்து நிற்கும். எனவே ‘இப்போது எங்கே வலிக்கிறது’ என்பதோடு ‘முதலில் எங்கே வலித்தது’ என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

வலியின் அளவை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள்

வாய்க்காலில் மீன் பிடிக்கும்போது கெளுத்தி முள் குத்தினால் உயிர் போவது போல வலிக்கும், ஆனால் உயிர் போவது மிக அரிது. கெளுத்தியின் நஞ்சு சூட்டில் சிதையக்கூடியது என்பதால், குத்திய கையைத் தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில், அதாவது சுமார் 45 டிகிரிக்கு மிகாமல், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வைப்பது நல்ல முதலுதவி. வலியில் துடிக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது; ஆகவே நீரின் சூட்டைக் காயம்படாத கையால் பார்த்துவிட்டே அமிழ்த்த வேண்டும். உள்ளே முள் ஒடிந்திருக்கிறதா என்று பார்க்கவும், டெட்டனஸ் ஊசி போடவும் மருத்துவமனைக்குப் போவது அவசியம்.

கட்டுவிரியன் இதற்கு நேர் எதிர். இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை அது கடித்தால் பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல்லின் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தானாகத் தொங்குவது, விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல் என்று தொடங்கும். அதன் நஞ்சு, நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் சந்திப்பைச் செயலிழக்கச் செய்கிறது; மூச்சுத் தசைகள் நின்றுபோனால் உயிருக்கே முடிவு. ‘வலிக்கவில்லையே, பூச்சிக்கடியாக இருக்கும்’ என்று காத்திருக்கக் கூடாது. இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்துக்கொண்டு, நச்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வலி இல்லாததே ஆபத்தாக இருக்கும் இன்னொரு கூட்டம் சர்க்கரை நோயாளிகள். கூடுதல் சர்க்கரை மிக நீளமான நரம்புகளை முதலில் தாக்குவதால், கோளாறு பாதத்தில் தொடங்குகிறது: முதலில் இரவு நேர எரிச்சல், பிறகு மதமதப்பு, கடைசியில் ஒன்றுமே தெரியாத நிலை. செருப்புக் கழன்று விழுந்ததே தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் அது சாதாரணச் செய்தியன்று. கொல்லிமலையில் பிறந்து, வேலூரில் தொழுநோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்த பால் பிராண்ட், அவர்களுடைய விரல்கள் சிதைவதற்குக் காரணம் சதை தானாக அழுகுவதன்று, வலி தெரியாததால் மீண்டும் மீண்டும் காயம்படுவதே என்று எடுத்துக்காட்டினார். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் அது பொருந்தும். வெறுங்காலோடு சேற்றிலும் வரப்பிலும் நடப்பதைத் தவிர்க்க முடியாதவர்கள், ஒவ்வொரு நாள் மாலையும் காலைக் கழுவித் துடைத்து, தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனையை ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்துகொள்வது நல்லது.

இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது, உட்காருமிடம் மரத்துப்போவது, கால் வலுவிழப்பது ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் வலி எவ்வளவு என்று பார்க்காமல் அன்றே போக வேண்டும். வயலில் நீரில் நின்று வேலை செய்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்காலைத் தொட முடியாத அளவு வலி வந்தால், எலிக்காய்ச்சலா என்று கேளுங்கள்.

மூன்று மாதத்தைத் தாண்டிய வலி

செய்தி ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் தண்டுவடத்தின் செல்கள் பழகிப்போய் அடங்குவதில்லை; மாறாக, மேலும் மேலும் கூர்மையாகின்றன. முதற்காயம் ஆறிய பிறகும் சிறு அசைவு பெரிய வலியாக, தடவல்கூட வலியாக எழுதப்படுகிறது. இந்த நிலையில் எம்.ஆர்.ஐ. படத்தில் ‘ஜவ்வு விலகியிருக்கிறது’ என்று படித்துவிட்டு நடையையே நிறுத்திக்கொள்பவர்கள் பலர். வலியே இல்லாதவர்களை ஆராய்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகு ஜவ்வில் தேய்மானம் இருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது என்பதால், படத்தைவிட உங்கள் விரல் காட்டும் கோட்டையே முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆபத்து அறிகுறிகள் இல்லையென்றால் முழு ஓய்வைவிட, தாங்கும் அளவுக்கு நடந்து, சிறிது சிறிதாகக் கூட்டுவதே பலன் தரும்.

மருந்து எந்த இடத்தில் வேலை செய்கிறது

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசெக்ளோஃபெனாக் ஆகியவை காயம்பட்ட இடத்தில் புராஸ்டகிளான்டின் உருவாவதைத் தடுக்கின்றன. ஆஸ்பிரின் குடும்பம் இப்படித்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரையும் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தையும் காக்கிறது. வெயிலில் வியர்த்து நீரிழந்த உடம்போடு, அதுவும் வெறும் வயிற்றில், கடையில் வாங்கிய இந்த மாத்திரையைத் தினமும் போட்டுக்கொள்வது சிறுநீரகத்துக்குக் கேடு. ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

நரம்பே பழுதானால் இவற்றால் பெரிய பயன் இருக்காது. அப்போது மருத்துவர் அமிட்ரிப்டிலின், டுலாக்ஸடின், பிரிகாபலின் போன்றவற்றைத் தருவார். மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் தரும் மாத்திரையை எனக்கு ஏன் தந்தார் என்று பயந்து சிலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அமிட்ரிப்டிலினும் டுலாக்ஸடினும் மூளையிலிருந்து இறங்கி வந்து மதகை இறக்கும் நரம்புகளுக்கு வலுவூட்டுகின்றன. பிரிகாபலின் பழுதான நரம்பு செய்தியைக் கைமாற்றும் அளவைக் குறைக்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் தூக்கக் கலக்கம் இருக்கும், திடீரென்று நிறுத்தக் கூடாது.

மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் ஒரு துண்டுத் தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, முதலில் எங்கே, இப்போது எங்கே, எந்த வகை, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதா, மரத்துப்போகிறதா. அதற்குக் கீழே இதுவரை போட்ட ஊசி, மாத்திரை, நாட்டுமருந்து, தைலம் எல்லாவற்றையும் எழுதுங்கள். மாத்திரையின் பெயர் தெரியாவிட்டால் காலி அட்டையையே எடுத்துக்கொண்டு போங்கள்.